அடுத்த முறையும் வரோணுமோ?

"தலைவருக்கு என்ன வகை இயலாமை எண்டு சொல்லுங்கோ மிஸ். அந்த இடம் மட்டும் வெறுமையாக் கிடக்கு."

மாகாணப் போக்குவரத்துத் திணைக்களத்தின் வவுனியாக் கந்தோரிலிருந்து எழுதுவினைஞர் பழனியாண்டி தொலைபேசியில் இப்படிக் கேட்டதும், கிருசாந்தி வாயில் வைத்த பணிஸைக் கடித்தபடி அப்படியே இருந்துவிட்டாள். கேள்வி சின்னக் கேள்விதான். ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அந்த ஒரு சொல்தான் அவளிடம் இல்லை.

"கொஞ்சம் இருங்கோ, பாத்துச் சொல்லுறன்."

"பாத்துச் சொல்ல என்ன இருக்கு மிஸ்? உங்கட சங்கத்துத் தலைவர்தானே?"

தலைவர்தான். தர்மபுரம் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் தலைவர் வீரபாகு ஐயா. அந்தச் சங்கத்தைத் தொட்டிலில் போட்டு ஆட்டி வளர்த்த உரிமை நிறுவனத்தில் கிருசாந்தி வெளிக்கள உத்தியோகத்தர். பஸ்ஸில் ஏற ஒரு சாய்வுப் பலகைகூட இல்லாமல், ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகாமல் வீட்டோடு கிடக்கிற சனத்துக்காக அவள் ஏறி இறங்காத கந்தோர் கிடையாது. அவள் மட்டும் ஸ்கூட்டி வாங்கிய நாளிலிருந்து பஸ் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை என்பது வேறு கதை.

கந்தோர்களாவது தேத்தண்ணி தந்து அனுப்பின. பஸ் சங்கத்துக்காரர் அதுவுமில்லை. போன வருசம் உடையார்கட்டில் சக்கர நாற்காலியோடு நின்ற ஜெயரூபியை ஒரு பஸ் ஏற்றாமல் போய்விட்டது என்று, கிருசாந்தி அவர்களுடைய சங்கத்துக்கே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தாள். வந்த கோபத்தில் என்னென்ன சொன்னோம் என்று அவளுக்கே பிறகு ஞாபகமில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு மூச்சுமில்லை.

இப்படி இருக்கையில்தான் மாகாணத்தில் பஸ் ஆலோசனைக் குழு ஒன்று அமைத்து, அதில் வன்னிக்கென்று ஒரே ஒரு கதிரை ஒதுக்கினார்கள். அந்தக் கதிரையில் மாற்றுத்திறனாளி ஒருவர்தான் இருக்கவேண்டும். குழுவின் முதற்கூட்டம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் விபரம் முழுதாகப் போய்ச் சேராவிட்டால் கதிரை வேறு பகுதிக்குப் போய்விடும். போய்விட்டால் இன்னும் எத்தனை வருசத்துக்கு ஆர் ஆரிடம் கெஞ்சவேண்டுமோ.

ஆளிடமே கேட்டுவிடுவதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் வில்லங்கம்.

பணிப்பாளர் சுமித்திரா மேடத்தின் கதிரைக்கு மேலே, சுவரில், சாமிப்படம் தொங்கவேண்டிய இடத்தில் ஒரு வாசகம் தொங்கியது: 'ஒருவரின் இயலாமை பற்றி நாமாகக் கேட்கமாட்டோம்.' விரும்பினால் அவர்களே சொல்வார்கள், சொல்லாவிட்டால் அது அவர்கள் உரிமை. சங்கத்தில் சேரவும் சான்றிதழ் தேவையில்லை. தொடர்ந்து வருகிற எவரும் உறுப்பினர். இந்தப் பாடத்தைத் தபால் கந்தோரிலிருந்து பிரதேச சபை வரைக்கும் எடுத்தவள் கிருசாந்தியேதான். 'காலுக்கு என்ன நடந்தது' என்று ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்ட வங்கி முகாமையாளரை, அவர் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் வரை இருத்தி வைத்துப் பாடம் எடுத்திருக்கிறாள். இப்போது அவளே போய்க் கேட்பதா?

வீரபாகு ஐயா சங்கத்துக்கு வந்ததும் அப்படித்தான். போன வருசம் ஒரு கூட்டத்தன்று வந்து, வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் அமைதியாக இருந்தார். நெடிய ஆள், நரைத்த மீசை, கறுப்புக் கண்ணாடி. ஒரு சொல் கதைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் எழுந்து வந்து, "பிள்ளை, அடுத்த முறையும் வரோணுமோ?" என்று கேட்டார்.

கிருசாந்திக்கு நெஞ்சு இளகிவிட்டது. "என்ன ஐயா இப்பிடிக் கேக்கிறியள்? கட்டாயம் வரோணும்."

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார். உலகம் எவ்வளவு ஒதுக்கி வைத்திருந்தால் ஒரு மனிதர் இப்படிக் கேட்பார் என்று அன்று முழுக்க அவள் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு கூட்டம் முடியவும் அதே கேள்வி, அதே பதில், அதே பெருமூச்சு.

வருடாந்தக் கூட்டத்தில் தலைவர் ஆர் என்று கேட்டபோது ஜெயரூபிதான், "வீரபாகு ஐயா," என்றாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, அத்தனை பேரும் கை உயர்த்திவிட்டார்கள். மனிசன் பதறிப்போய் எழும்பி, "எனக்கு என்னத்துக்குப் பிள்ளை?" என்றார். "உங்களை நீங்களே குறைச்சு மதிக்கக்கூடாது ஐயா," என்று தொடங்கி கிருசாந்தி தன்னம்பிக்கை பற்றி ஒரு பேச்சுப் பேசினாள். அவர் திரும்பவும் இருந்துவிட்டார்.

அவர் தலைவரானதிலிருந்து கூட்டத்துக்கு வருகிற சனம் இரட்டிப்பாகிவிட்டது. அதைத் தலைமைத்துவம் என்று எழுதி கிருசாந்தி கொழும்புக்கு அறிக்கையும் அனுப்பியிருந்தாள்.

"அக்கா, நான் கேட்டுச் சொல்லட்டே?" என்றான் ஜனார்த்தனன். நிறுவனத்தின் கணக்காளர். இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கை. முக்கியமாக ஏதாவது சொல்லும்போது அதைப் பேனையால் தட்டுவான். "எனக்குக் கேக்க உரிமை இருக்கு. ஒரு காலைக் குடுத்திட்டுத்தானே கதைக்கிறன்."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான் ஜனா."

"அப்ப ஜெயரூபியைக் கேளுங்கோ. அவளுக்குத் தெரியாத புதினம் இந்த றோட்டில இல்லை."

அது பரவாயில்லாத யோசனை என்று கிருசாந்தி ஜெயரூபிக்கு அழைப்பெடுத்தாள். சுற்றி வளைத்து, இழுத்து, கடைசியில் கேட்டும்விட்டாள்.

ஜெயரூபி மிகப் பணிவாகச் சொன்னாள்: "அக்கா, ஆள் இல்லாத இடத்தில ஆளைப் பற்றிக் கதைக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே எங்களுக்குப் படிப்பிச்சனீங்கள்."

கிருசாந்திக்கு முகம் சுருங்கிவிட்டது. போனை வைக்கும்போது மறுபக்கத்தில் ஆரோ இருமுவது மாதிரிக் கேட்டது.

"சரி, கேக்க வேண்டாம். பாப்பம்," என்றான் ஜனார்த்தனன். "அந்த மனிசனுக்கு நீங்கள் போன் எடுத்தா எப்பவாவது தூக்கியிருக்கிறாரே?"

யோசித்துப் பார்த்தால், இல்லை. எப்போதும் அடித்து அடித்து ஓயும். நெடுநேரத்துக்குப் பிறகுதான் அவரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வரும்.

"காது," என்று ஜனார்த்தனன் காலைத் தட்டினான். "நேரிலயெண்டா உங்கட உதட்டைப் பாத்துத்தான் பதில் சொல்லுறார்."

மறுநாள் ஏதோ கையெழுத்து என்று சொல்லி வீரபாகுவைக் கூப்பிட்டார்கள். "வரச் சொன்னீங்களாம், வந்திட்டன்," என்று வந்து வழக்கமான கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் கையில் எடுத்தார். ஜனார்த்தனன் பூனை மாதிரிப் பின்னால் போய், பெரிய எவர்சில்வர் தட்டத்தைச் சீமெந்து நிலத்தில் போட்டான். நிஜப்பூனை யன்னலால் பாய்ந்தது. பக்கத்து வளவுக் கோழிகள் கூரையில் ஏறின. உள்ளறையில் சுமித்திரா மேடம், "கடவுளே," என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வீரபாகு தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "நல்ல சாயம்," என்றார்.

கிருசாந்தி பின்பக்கம் ஓடிப்போய்ப் பழனியாண்டிக்குச் சொன்னாள்: "செவிப்புலன்."

"நல்லது மிஸ். பதிஞ்சிட்டன்."

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் கிருசாந்தி கடமை தவறாதவள். காது கேளாத ஒருவரை ஒரு வருசமாக வாயால் கதைத்தே கூட்டம் நடத்தியிருக்கிறோமே என்று அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் காலையிலேயே வவுனியாவிலிருந்து சைகைமொழிப் பிள்ளை ஒருத்தியை வரவழைத்துவிட்டாள், குழுவைப் பற்றி ஐயாவுக்கு முறைப்படி விளக்க.

அந்தப் பிள்ளை முன்னால் நின்று கையால் அழகாகச் சொல்லிக்கொண்டே போனாள். வீரபாகு கூத்துப் பார்க்க வந்தவர் போல வாயைப் பிளந்து பார்த்தார். முடிந்ததும் கை தட்டினார்.

விளங்கியதா என்று அவள் சைகையில் கேட்டாள். அவருக்கும் ஏதாவது பதில் சைகை காட்டவேண்டும் போல இருந்திருக்கும். வலக்கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழுமாக மெல்ல அசைத்தார்.

பிள்ளை குழம்பிப்போய்க் கிருசாந்தியிடம் வந்தாள். "இது எந்த ஊர்ச் சைகை அக்கா? 'மெதுவாப் போ' எண்ட மாதிரி இருக்கு. நான் கெதியாச் செய்திட்டன் போல."

அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணி ஊற்றுகிற அம்மா கிருசாந்தியின் காதோடு காதாக, "சீனி முடிஞ்சுது," என்று குசுகுசுத்தாள்.

மண்டபத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வீரபாகு திரும்பினார். "எனக்குச் சீனி வேண்டாம் பிள்ளை. இருக்கிறதை மற்றாக்களுக்குப் போடுங்கோ."

கிருசாந்தி கதிரையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் முடிந்து, "நாளைக்கும் வரோணுமோ?" என்று அவர் கேட்டதற்கு, "ஓம் ஐயா," என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டு நேரே போனிடம் போனாள்.

"பழனியாண்டி அண்ணை, காது இல்லை. அதை அழிச்சு விடுங்கோ."

"அழிக்க ஏலாது மிஸ். இந்தக் கணினி அழிக்க விடாது. சேர்க்கத்தான் விடும். வேற எதைச் சேர்க்கிறது?"

"கொஞ்சம் பொறுங்கோ."

"மேலதிகாரி பக்கத்தில நிக்கிறார் மிஸ். இப்ப சொல்லாட்டிக் கதிரையை வேற ஆக்களுக்குக் குடுப்பமோ எண்டு கேக்கிறார்."

கிருசாந்தி யன்னலால் எட்டிப் பார்த்தாள். முற்றத்தில் வீரபாகு, கறுப்புக் கண்ணாடியோடு, ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கை எட்டுமட்டும் தள்ளிப் பிடித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்," என்று அவள் வாயால் வந்துவிட்டது. "பார்வை."

"சேர்த்திட்டன்."

ஆனாலும் மனம் கேட்கவில்லை. அடுத்த நாள் அவர் வருகிற நேரத்துக்கு, செய்யக்கூடாத வேலை என்று தெரிந்துகொண்டே, தண்ணீர் வாளியைக் கொண்டுபோய் வாசற்படிக்கு நேரே வைத்தாள். வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று பிள்ளையாரைக் கும்பிட்டாள்.

வீரபாகு ஒழுங்கையின் அந்த முனையில் வரும்போதே அவருடைய குரல் கேட்டது. "பிள்ளை, வாசலில ஒரு வாளி கிடக்கு. சிவத்த வாளி. ஆரும் விழப்போகினம்."

விழுந்தது சுமித்திரா மேடம். உள்ளேயிருந்து போன் கதைத்துக்கொண்டு வந்தவர் வாளியோடு சேர்ந்து முற்றத்துக்குப் போனார். வீரபாகுதான் ஓடிவந்து தூக்கி, கதிரையில் இருத்தி, கணுக்காலைத் திருப்பிப் பார்த்து, "முறிவில்லை, சுளுக்குத்தான்," என்றார். கொஞ்ச நேரத்தில் மேடத்தின் கால் பலாப்பழம் மாதிரி வீங்கி, துணி சுற்றி, வாசகத்துக்குக் கீழே ஒரு ஸ்டூலில் ஏறியிருந்தது.

கிருசாந்திக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் கண்டு வீரபாகு பக்கத்தில் வந்தார். "பிள்ளை, மூண்டு நாளாப் பாக்கிறன். என்னட்டை ஏதோ கேக்க நினைக்கிறியள் போல. கேளுங்கோவன்."

அவள் வாயைத் திறந்தாள். பின்னால் மேடம் தொண்டையைச் செருமினார்.

"ஒண்டுமில்லை ஐயா. நீங்களா விரும்பினா, எப்ப வேணுமெண்டாலும் சொல்லலாம்."

"எனக்குச் சொல்ல என்ன இருக்கு? நான் நல்லாத்தான் இருக்கிறன். உண்மையாச் சொன்னா, நான் இங்க..."

"வேண்டாம் ஐயா," என்று கிருசாந்தி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் எங்களுக்கு ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை."

அவர் போனபிறகு மேடம் கதிரையில் சாய்ந்தபடி மெல்லச் சொன்னார்: "மறுப்பு நிலை. இன்னும் தன்னை ஏற்றுக்கொள்ளேல்லை. நெருக்கக்கூடாது கிருசாந்தி."

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இரண்டைத் தப்பாகச் சொல்லியாகிவிட்டது, உண்மையான ஒன்றையாவது சேர்க்காவிட்டால் நாளைக்கு மனிசனைக் கொண்டுபோய் எந்த முகத்தோடு அந்தக் கதிரையில் இருத்துவது? கிருசாந்தி ஒரு சின்னக் கூட்டம் என்று ஆட்களைக் கூப்பிட்டு, ஜனார்த்தனனை வீரபாகுவுக்கு எதிரே இருத்தினாள்.

ஜனார்த்தனன் கண்ணை எடுக்காமல் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மலர்ந்தது. ஆராவது அவசரமாகக் கதைக்கத் தொடங்கினால், வீரபாகுவின் வலது பாதம் தானாக எழும்பி நிலத்தை ஒரு அழுத்து அழுத்தியது. கதை மெதுவானதும் மெல்ல விட்டது. ஜெயரூபி வேண்டுமென்றே கடகடவென்று கதைத்துப் பார்த்தாள். பாதம் விட்டுவிட்டு அழுத்தியது. அவள் தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கால் எண்டா என்னட்டைக் கேளுங்கோ அக்கா," என்று ஜனார்த்தனன் வெளியே வந்து தன் காலை இரண்டு முறை தட்டினான். "நரம்பு. சத்தியமா நரம்பு. பாவம், தன்ர பாட்டில இழுக்குது."

"சேர்த்திட்டன் மிஸ்," என்றான் பழனியாண்டி. பிறகு அவன் குரல் தழுதழுத்தது. "காது. கண். கால். இவ்வளவையும் வைச்சுக்கொண்டு அந்த மனிசன் தலைவரா இருக்கிறாரே. மேலதிகாரிக்கும் கண் கலங்கிப்போச்சு. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நாளைக்கு நாங்களே வந்து கூட்டிக்கொண்டு போறம்."

"ஐயோ, வேண்டாம் அண்ணை."

"நாற்காலியோட ஆளைத் தூக்கிற ஏறுதட்டு வைச்ச வான் மிஸ். மாலைக்கும் சொல்லியாச்சு."

சனிக்கிழமை காலை வான் வந்தது. ஒழுங்கைக்குள் திரும்ப இடமில்லாமல் முன் றோட்டில், பஸ் நிற்கிற இடத்தில் நிறுத்தினார்கள். உள்ளே மடக்குச் சக்கர நாற்காலி, சைகைமொழிப் பிள்ளை, தடவி வாசிக்கிற புள்ளி எழுத்தில் அடித்த கட்டுக் காகிதம், ஆளுயர மாலை, ஆளைத் தூக்குவதற்கென்று இரண்டு தடியர். முன்சீற்றில், வெள்ளைச் சேட்டோடு பழனியாண்டி.

கிருசாந்தி எப்போதும் பின் ஒழுங்கையால் ஸ்கூட்டியில் வருகிறவள். அந்த முன் றோட்டில் அவள் நின்றதே அபூர்வம். இன்று நின்றாள்.

"எங்க மிஸ் அவர்? வீட்டிலயெண்டா நாங்களே போய்த் தூக்கிக்கொண்டு வாறம்."

"வந்துகொண்டிருக்கிறார்."

பின்னால் ஒரு ஹோர்ன் அடித்தது. புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வந்த நீலப் பஸ் ஒன்று வானுக்குப் பின்னால் நின்றது. வான் அசையவில்லை. பஸ்ஸின் யன்னலால் ஒரு வலக்கை நீண்டு, மேலும் கீழுமாக மெல்ல அசைந்தது. அதைத் தொடர்ந்து கறுப்புக் கண்ணாடி போட்ட தலை ஒன்றும் வெளியே வந்தது.

"தம்பி, வானைக் கொஞ்சம் முன்னுக்கு எடுங்கோ. எங்கட ஆக்கள் இறங்கோணும்."

சாரதி ஆசனத்தில் வீரபாகு ஐயா இருந்தார்.

அவரே இறங்கிச் சுற்றி வந்தார். பஸ் வாசலுக்குள் கையை விட்டு நீளமான ஒரு பலகையை இழுத்தெடுத்து, படியிலிருந்து நிலத்துக்குச் சாய்த்து வைத்தார். அதில் ஜெயரூபியின் சக்கர நாற்காலி சறுக்காமல் உருண்டு இறங்கியது. பின்னால் ஊன்றுகோல்கள், வெள்ளைப் பிரம்புகள், ஒருவரை ஒருவர் பிடித்தபடி, வழியனுப்ப வந்த சங்கமே இறங்கியது. எந்தப் பலகைக்காகக் கந்தோர் கந்தோராய் அலைந்தாளோ, அது தன் ஒழுங்கை வாசலுக்கே இவ்வளவு நாளாக வந்துபோயிருக்கிறது. கிருசாந்திக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆனந்தமாகவும் இருந்தது. எதை முதலில் படுவது என்று தெரியவில்லை.

பழனியாண்டி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். பஸ்ஸைப் பார்த்தான். "மிஸ், காது கேளாத, கண் தெரியாத, கால் ஏலாத ஆளோ இந்தப் பஸ்ஸை ஓடிக்கொண்டு வாறது?"

கிருசாந்தி நேரே வீரபாகுவிடம் போனாள். மேடம் இல்லை, வாசகம் இல்லை, றோட்டு நிறையச் சனம். கேட்டேவிட்டாள்.

"ஐயா, உங்களுக்கு என்ன இயலாமை?"

"எனக்கோ? ஒண்டுமில்லைப் பிள்ளை. இதைத்தானே நானும் வந்த நாள் தொட்டுச் சொல்ல வெளிக்கிடுறன்."

"அப்ப எங்கட கூட்டத்துக்கு என்னத்துக்கு வந்தனீங்கள்?"

வீரபாகு கண்ணாடியைக் கழற்றினார். முதல் தடவையாக அவர் கண்களை அவள் பார்த்தாள். பாவப்பட்ட கண்கள்.

"போன வருசம் நீங்கள் எங்கட பஸ் சங்கத்துக்கு வந்து சத்தம் போட்டனீங்கள் எல்லே? இந்தப் பிள்ளை ஜெயரூபியை ஏத்தாமல் போன பஸ் என்ர பஸ்தான். 'அந்த டிரைவரை எங்கட கூட்டத்துக்கு அனுப்புங்கோ, எங்கட சனத்தோட இருந்து பழகட்டும், போதும் எண்டு நான் சொல்லும் வரைக்கும் வரோணும்' எண்டு நீங்கள் சொன்னனீங்களாம். மிஸ் 'போதும்' எண்டு சொல்ல முன்னம் போறதை நிப்பாட்டினியெண்டா, றோட்டில பஸ் ஓட உனக்கு முறை தரமாட்டன் எண்டு எங்கட பஸ் சங்கத் தலைவர் சொல்லிப்போட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் உங்களைக் கேட்டனான், அடுத்த முறையும் வரோணுமோ எண்டு. நீங்கள் கட்டாயம் எண்டீங்கள். பிறகு தலைவராக்கினீங்கள். தண்டனை கூடிப்போச்சு எண்டு நினைச்சன்."

"தட்டம் விழுந்தது..."

"கேட்டது பிள்ளை. பஸ்ஸுக்குள்ள தகரம் விழாத நாளே?"

"கால்?"

"பிரேக்," என்றார் வீரபாகு. "கனகாலப் பழக்கம்."

பின்னால் ஜனார்த்தனன் பேனையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

பழனியாண்டி மணிக்கூட்டைப் பார்த்தான். "மிஸ், அப்ப வன்னிக் கதிரை?"

கிருசாந்தி அவன் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் தன் கையாலேயே அதைத் தூக்கிக் கொடுத்தாகிவிட்டது. அதற்குள் ஜெயரூபி தன் சக்கரத்தைத் திருப்பி வானின் ஏறுதட்டில் ஏறிவிட்டாள்.

"நான் உபதலைவர். நான் போறன். பஸ்ஸில ஏறுறதைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை."

"பெயரை அழிக்க ஏலாதே பிள்ளை," என்றான் பழனியாண்டி.

"ஆர் அழிக்கச் சொன்னது? சேருங்கோ."

பழனியாண்டி கொஞ்சம் யோசித்தான். அவன் முகம் தெளிந்தது. "சேர்க்க ஏலும்," என்றான். ஆளுயர மாலை ஜெயரூபியின் மடியில் இறங்கியது. அவள் அதற்குள் பாதி மறைந்துபோய்ச் சிரித்தாள்.

கதிரை தப்பியது. கிருசாந்தி மூச்சு விட்டாள். ஆனால் எதிரே அந்த மனிசன் நின்றார், பஸ் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு வருசமாகக் கேட்ட அதே முகத்தோடு.

"பிள்ளை, அப்ப அடுத்த முறையும் வரோணுமோ?"

அவள் கைகூப்பினாள். "ஐயா, தெரியாமல் உங்களை இவ்வளவு நாளும் அலைக்கழிச்சுப்போட்டன். இனி உங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. இப்பவே நான் சொல்லுறன்..."

ஏறுதட்டு பாதி உயர்ந்திருந்தது. மாலைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு, கிருசாந்தியின் தோளைப் பிடித்து இழுத்தது. ஜெயரூபி அவள் காதோடு சொன்னாள்:

"அக்கா, அந்த மனிசனுக்குப் 'போதும்' எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, அவர் ஆரெண்டு எங்கள் எல்லாருக்கும் முதல் நாளே தெரியும், பஸ் எங்கட வீட்டுப் படலையில நிண்டு எங்களை ஏத்தோணும் எண்டுதானே எல்லாருமாச் சேர்ந்து அவரைத் தலைவராக்கினனாங்கள்."